தனக்கோடியின் இடது கை

நூறு எண்ணி முடிக்கும்வரை யாருக்கும் சோப்பு கிடையாது. சங்கு ஊதிப் பீங்கான் தொழிற்சாலையின் கேட் திறந்து, முழங்கை வரை வெள்ளைக் களிமண் அப்பிய ஐம்பது அறுபது பேர் வந்து சூழ்ந்துகொண்டு, "யோவ், பஸ்ஸு போயிடும்யா" என்று கத்தினாலும் தனக்கோடி அசைய மாட்டார். சட்டையின் இடது கையைச் சுருட்டி மேலே ஏற்றுவார். அன்றைக்குக் கொண்டுவந்த புதுப் பாளத்திலிருந்து ஒரு கட்டியை எடுத்து, வாளித் தண்ணீரில் நனைத்து, முழங்கைக்குக் கீழே உள்பக்கமாகத் தேய்ப்பார். நுரையைத் துடைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு, உதடு அசைய எண்ணத் தொடங்குவார். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்து எண்ணிக்கை தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பம்.

"சாமிக்கு நூத்தியெட்டு, நம்ம சோப்புக்காரருக்கு நூறு" என்பான் சூளையில் வேலை செய்யும் பச்சமுத்து. அவனுக்கு வாய் சும்மா இருக்காது. வேண்டுமென்றே நாற்பதிலோ ஐம்பதிலோ, "மாமா, மணி என்னா?" என்று கேட்டு வைப்பான். எல்லாரும் சிரிப்பார்கள். தனக்கோடியும் சிரித்துக்கொண்டே, "போடா, ஒன்னால மறுபடியும் மொதல்லேருந்து" என்று ஆரம்பிப்பார்.

நூறு முடிந்ததும் கையைக் கழுவி, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அப்புறம்தான், "ம், கைய நீட்டுங்க" என்பார். அதற்குப் பிறகு தாராளம்தான். சோப்பு வாங்குகிறவர், வாங்காதவர் என்ற பேச்சே இல்லை. எல்லாருடைய கையிலும் ஒரு தேய்ப்பு, சொம்பால் கொஞ்சம் தண்ணீர். களிமண் பாலாக ஓடிச் சாலையோரப் பள்ளத்தில் தேங்கி நிற்கும். விருத்தாசலத்தில் அந்த ஒரு பள்ளம் மட்டும் கோடையிலும் வெள்ளையாக இருக்கும்.

நான் அந்தத் தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க். ஃபியூஸ் கட்டையையும் பீங்கான் பொம்மையையும் எண்ணி எண்ணிச் சலித்துப்போன மனிதன். வெளியே வந்தால் இங்கேயும் ஒருவர் எண்ணிக்கொண்டு நிற்கிறாரே என்று முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. மூன்று வருஷமாக அவருடைய சோப்பைத்தான் போட்டுக் குளிக்கிறேன். வேப்பெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் குப்பைமேனிச் சாறும் கலந்த பச்சைச் சோப்பு. பெயர் கிடையாது, உறை கிடையாது. பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுப்பார். குளித்துவிட்டு வந்தால் சில நாள் முதுகில் தலைப்புச் செய்தி ஒட்டிக்கொண்டிருக்கும் என்று என் மனைவி கேலி செய்வாள்.

சோப்பு கேட்டு யார் புதிதாக வந்தாலும் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "வூட்ல கைக்கொழந்த இருக்குதுங்களா?"

இருக்கிறது என்றால் சோப்பு கொடுக்க மாட்டார். "அப்ப சோப்பு வேணாங்க. பாசிப்பயறும் கஸ்தூரி மஞ்சளும் போட்டு அரைச்ச நலங்கு மாவு இருக்குது, அத எடுத்துக்கிட்டுப் போங்க" என்பார். "எனக்குத்தான்யா சோப்பு, கொழந்தைக்கு இல்ல" என்று வாதாடினாலும் பயனில்லை. வியாபாரம் தெரியாத ஆள் என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

அவருடைய இடது கையைப் பார்த்தவர்கள் இன்னும் மோசமாகச் சொல்வார்கள். முழங்கைக்குக் கீழே ஓர் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் தடித்து, கறுத்து, அங்கங்கே சிவப்பாக வெடித்திருக்கும். ஒருநாள் நான் என் அதிகப் பிரசங்கித்தனத்தை அடக்க முடியாமல், "என்ன தனக்கோடி, சோப்பு விக்கிறவர் கையே இப்படிச் சொறி பிடிச்ச மாதிரி இருந்தா யாருங்க வாங்குவாங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"வாங்குறவங்க கை நல்லாத்தானே இருக்குது சார்" என்றார். கோபமே இல்லை.

அன்றைக்கே இன்னொன்றும் பார்த்தேன். அவர் சைக்கிளில் தொங்கும் துணிப்பையின் அடியில், ரோஸ் நிற உறை பிரிக்காத கடைச் சோப்பு ஒன்று. பெட்டிக்கடைகளில் சரமாய்த் தொங்குமே, அந்தச் சோப்பு. கையும் களவுமாகப் பிடித்துவிட்ட குஷி எனக்கு. "ஊருக்கெல்லாம் உங்க சோப்பு, உங்களுக்கு மட்டும் கடைச் சோப்பா?"

"அது எனக்கு இல்ல சார். வேற ஆளுக்கு" என்று பையின் வாயைச் சுருட்டிக் கட்டினார்.

சீயக்காய்த் தூள் வாங்க அவர் வீட்டுக்குப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் எல்லாம் தெரிந்தது. பழமலைநாதர் கோயிலுக்கு வடக்கே, மணிமுத்தாற்றுப் பக்கம் வீடு. அவர் இலுப்பெண்ணெய் வாங்க வேப்பூருக்குப் போயிருந்தார். கொல்லையில், எங்கள் தொழிற்சாலையில் கழித்துப் போட்ட விரிசல் ஜாடிகள் வரிசையாக இருந்தன. காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஆறவைப்பது அந்த ஜாடிகளில்தான். எண்ணெயோடு சேர்த்துக் கிண்டி மரத்தட்டில் ஊற்றி, மறுநாள் சைக்கிள் பிரேக் கம்பியால் கட்டி கட்டியாக அறுத்து, பலகையில் அடுக்கிவிடுவார். ஒரு மாதம் காற்றில் காய வேண்டும். காய்வதற்கு முன் அந்தக் கட்டி சோப்பு இல்லை, தோலைத் தின்னும் காரம். ஒவ்வொரு அடுக்குக்கும் தேதியைச் சாக்பீஸால் எழுதியிருந்தார்.

அவர் மனைவி காசியம்மாள் சீயக்காயை அளந்துகொண்டே பேசினார்கள். கையைப் பற்றி நான் வாய் திறந்ததும் அவர்களுடைய படி பாதியில் நின்றது.

"முன்னல்லாம் கையில தேய்க்க மாட்டாருங்க. நாக்குலதான் வச்சுப் பாப்பாரு. சோப்பு பக்குவமாவலன்னா நாக்க சுள்ளுன்னு இழுக்கும். இழுக்கலன்னா பக்குவம். இருவது வருசமா நாக்குதான் அவருக்குத் தராசு."

இருபது வருஷம் காரத்தை நக்கினால் நாக்கு என்ன ஆகும்? மரத்துப்போயிற்று. அவருக்கு அது தெரிந்தே இருந்தது. ஒருநாள் காசியம்மாள் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டார்கள். அவர் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார். "உப்பே இல்லியே, ஒங்களுக்குத் தெரியலியா?" என்று கேட்டதற்கு, "தெரிஞ்சுது. சொன்னா நீ சங்கடப்படுவியேன்னு வுட்டுட்டேன்" என்றாராம். இந்த அம்மாளுக்கு அன்றைக்கெல்லாம் சந்தோஷம் தாங்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வார்த்தை அவர் சொன்னதே இல்லையாம்.

அந்த வருஷம்தான் அவர்களுடைய ஒரே மகள் ஆதிலட்சுமி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். மணவாளநல்லூர்க் கொளஞ்சியப்பரை வேண்டிப் பிறந்த பெண் குழந்தை. கொளஞ்சி என்றே பெயர் வைத்தார்கள். மூன்றாம் மாதம் வேப்பூரில் இருக்கும் புருஷன் வீட்டுக்குக் குழந்தையைக் கொண்டுபோக நாள் பார்த்தாயிற்று. பேத்தி போகும்போது தாத்தா கையால் செய்த சோப்பு கூடப் போக வேண்டும் என்று தனக்கோடிக்கு ஆசை. ஆவாரம்பூவும் பசும்பாலும் சேர்த்துத் தனியாக ஒரு தட்டு ஊற்றினார். ஆனால் புறப்படும் நாளுக்கு முன் ஒரு மாதம் காய அவகாசமில்லை. பன்னிரண்டாம் நாள் ஒரு கட்டியை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

சுள்ளென்று இழுக்கவில்லை.

"பக்குவமாயிடுச்சுன்னு எங்கிட்ட குடுத்தாருங்க" என்றார்கள் காசியம்மாள். "நான்தான் கால நீட்டிப் புள்ளையக் குப்புறப் போட்டுக் குளிப்பாட்டுனேன். வீல்வீல்னு கத்துச்சு. தண்ணி ஊத்துனா எந்தப் புள்ளதாங்க கத்தாது? நான் பாட்டுக்கு முதுவுல, தொடையில நல்லா நொர கட்டித் தேய்ச்சேனுங்க. இந்தக் கையாலதான்."

  ஐயோ, ஏன்தான் வாயைத் திறந்தேனோ என்றிருந்தது. தோல் வெந்துபோன குழந்தையை எட்டு நாளும் வாழையிலையில்தான் கிடத்தியிருந்தார்களாம். பிழைத்துவிட்டது. முதுகில் மட்டும் தழும்பு நின்றுவிட்டது. ஆதிலட்சுமி புறப்பட்டபோது, குழந்தையை வாங்க நீட்டிய அப்பாவின் கையைப் பார்த்து, "அந்தக் கையால எம் புள்ளையத் தொடாதப்பா" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினாள். ஐந்து வருஷமாயிற்று. பொங்கலுக்கு இல்லை, தீபாவளிக்கு இல்லை, வரவே இல்லை.

அவள் போன மறுநாள் தனக்கோடி கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போனார். அந்தச் சாமிக்குப் பிராது எழுதிக் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஆடு திருடியவன், நம்பவைத்து ஏமாற்றியவன் என்று யார் மேல் வேண்டுமானாலும் தாளில் எழுதிக் கட்டினால் சாமி விசாரித்துத் தண்டிக்கும் என்று நம்பிக்கை. பிராது எழுதித் தருகிறவர் வழக்கம்போல விவரம் கேட்டிருக்கிறார்.

"பிராது கொடுக்கிறவர் பேரு?"

"தனக்கோடிங்க."

"எதிராளி பேரு?"

"தனக்கோடிங்க."

"என்னய்யா, வெளையாடுறியா?"

"இல்லீங்க. நாக்கு செத்துப்போச்சுன்னு தெரிஞ்சும் வெளிய சொல்லாம இருந்தவன் மேல பிராது. எழுதுங்க."

கூடப் போயிருந்த காசியம்மாள் அழுது தடுத்தும் கேட்காமல் எழுதி வாங்கிக் கட்டிவிட்டுத்தான் வந்தார். அன்றிலிருந்து எந்தச் சோப்பையும் நாக்கில் வைப்பதில்லை. முதலில் தன் கையில். எரிந்தால் தன்னோடு போகட்டும் என்றுதான் அந்த நூறு. சீயக்காயை வாங்கிக்கொண்டு வந்த வழியெல்லாம், சொறி பிடித்த கை என்று நான் சொன்னதே காதில் கேட்டுக்கொண்டிருந்தது. என்னைச் செருப்பாலடித்தாலும் தகும்.

இந்த வருஷம் மாசி மகத்துக்கு ஊரில் கால் வைக்க இடமில்லை. எங்களுக்கு அரை நாள் வேலை. பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதி வெளியே வந்தபோது தனக்கோடி வழக்கம்போல வாளியும் சொம்புமாக நின்று, நூறு எண்ணி முடித்து, கைகளைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார். பச்சமுத்து நீட்டிய கையில் தண்ணீர் ஊற்றியவர் சொம்பைச் சாய்த்தபடியே நின்றுவிட்டார். தண்ணீர் தன் காலில் கொட்டுவதுகூட அவருக்குத் தெரியவில்லை.

எதிரே ஆதிலட்சுமி. அவளை எனக்குத் தெரியாது. ஆனால் மூக்கும் நெற்றியும் அப்படியே காசியம்மாள். பக்கத்தில் மஞ்சள் பாவாடை கட்டிய பெண் குழந்தை. இரண்டு கையிலும் திருவிழாப் பஞ்சு மிட்டாயின் சிவப்புப் பிசுக்கு.

"வூட்டுக்குப் போனோம்ப்பா" என்றாள் அவள். "அம்மா எல்லாம் சொன்னாங்க. பிராது கட்டுனது, கையி... எனக்கு ஒண்ணுமே தெரியாதுப்பா."

தனக்கோடி இடது கைச் சட்டையை அவசரமாகக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

குழந்தைக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? வரிசையில் எல்லாரும் கையை நீட்டுவதைப் பார்த்திருக்கிறது. பச்சமுத்துவை இடித்துக்கொண்டு முன்னால் வந்து, பிசுக்குக் கை இரண்டையும் நீட்டி, "எனக்கும்" என்றது. பச்சமுத்து ஒதுங்கி வழிவிட்டான்.

அவர் மகளைப் பார்த்தார். 

"கழுவி வுடுப்பா. ஒஞ் சோப்பையே போட்டுக் கழுவி வுடு" என்றாள் ஆதிலட்சுமி. சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

தனக்கோடி தன் சோப்பை வாளி ஓரத்தில் வைத்தார். துணிப்பையின் அடியில் கைவிட்டு ரோஸ் உறைச் சோப்பை எடுத்தார். நாள்பட்டு உறை நிறம் மங்கியிருந்தது. அதைப் பல்லால் கிழித்தார்.

நேராகக் குழந்தையின் கையில் வைப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் இடது கைச் சட்டையை மறுபடி மேலே ஏற்றினார். கடைச் சோப்பைத் தண்ணீரில் நனைத்து அந்த வெடித்த தோலில் தேய்த்தார். நீட்டிய இரண்டு கைகளோடு குழந்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க, தனக்கோடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார்.