குன்றிமணிக் கண்கள்

ஐந்தருவிக்குப் போகும் சாலையில், சாரல் காலம் முழுவதும் தங்கபுஷ்பம் சொல்லி விற்ற வாசகம் ஒன்றுதான். “பெயின்ட் கிடையாது, பிளாஸ்டிக் கிடையாது, எல்லாம் இயற்கை. பிள்ள வாயில வச்சாக்கூட ஒண்ணும் செய்யாது.”

அதை அவள் பொய்யென்று தெரிந்து சொல்லவில்லை. பிற்பாடு அவளுக்கு அதுவே தாங்க முடியாததாக இருந்தது.

சுரண்டையில் பிறந்து, லாரி டிரைவர் ஸ்டான்லிக்கு வாழ்க்கைப்பட்டு, குத்துக்கல்வலசைக்கு வந்தவள். தென்காசியில் ஒரு தையல் கடையில் பதினாறு வருடம் ஜாக்கெட் தைத்தாள். வெட்டி மிஞ்சிய துணியைக் கொண்டு மகள் ஷாரோனுக்கு யானையும் முயலும் செய்து கொடுத்தது, பார்த்தவர்கள் கேட்கக் கேட்க, மெல்ல ஒரு தொழிலானது. சீசனில் சாலையோரம் நீலத் தார்ப்பாய் கட்டி உட்கார்ந்துவிடுவாள்.

முதலில் பொம்மைகளுக்குச் சட்டைப் பித்தானைத்தான் கண்ணாக வைத்தாள். போன வருடம் சீசன் தொடங்கிய வாரத்தில், வெளியூர்க்காரப் பெண் ஒருத்தி யானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எல்லாம் நல்லா இருக்கு. கண்ணு மட்டும் பிளாஸ்டிக்கா இருக்கே” என்று வைத்துவிட்டுப் போனாள். தங்கபுஷ்பத்துக்குச் சுருக்கென்றது. மறுநாள் காலையில் வீட்டுக்குப் பின்னாலிருந்த வேலியில் கொடி காய்த்து, நெற்று வெடித்து, குன்றிமணி சிவப்பும் கறுப்புமாகப் பளபளத்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீடுகளில் களிமண் பிள்ளையாருக்கு அதைத்தானே கண்ணாகப் பதிக்கிறார்கள்? சாமிக்கு ஆகிற கண் யானைக்கு ஆகாதா?

மணி கல்லைப் போல இருந்தது. ஊசி இறங்கவில்லை. ஊசியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, மணிக்கு ஒரு துளையாகப் போட்டு நூல் கோத்தாள். இரண்டு விரலில் கொப்புளம் வந்தது. ஆனால் கண் வைத்ததும் யானைக்கு உயிர் வந்துவிட்டது. ஜூலை முடிவதற்குள் நாற்பதுக்கு மேல் விற்றது.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஷமீம் பானு வந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருப்பவள், தங்கபுஷ்பத்திடம் ஜாக்கெட் தைத்த பழக்கம். தங்கை பிள்ளைக்கு முயல் வேண்டுமென்று எடுத்தவள், கண்ணைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள்.

“யக்கா, இது குண்டுமணியா?”

“ஆமா. வேலில காய்ச்சது. காசு குடுக்காம கெடச்ச கண்ணு” என்று சிரித்தாள் தங்கபுஷ்பம்.

“துளை போட்டா கோத்திருக்கிய?”

“பின்ன, பசை வச்சா ஒட்டுவேன்? சாரல்ல பிச்சுக்கிட்டுப் போயிரும்லா.”

ஷமீம் பானு முயலைக் கீழே வைத்தாள். “முழுசா முழுங்கினா அநேகமா அப்படியே வெளிய போயிரும். மேல்தோடு ஒடஞ்சாத்தான் வெசம். நீங்க ஒடச்சுல்ல வச்சிருக்கிய, யக்கா.”

“என்ன செய்யும்?”

“சின்னப் பிள்ளைக்கு ஒண்ணே போதும். மொத நாள் ஒண்ணும் தெரியாது. பொறவு வாந்தி, பேதி. என்ன தின்னுச்சுன்னு யாருக்கும் தெரியாது.”

அவள் போன பிறகு, மிச்சமிருந்த பொம்மைகளை மடியில் போட்டு, ஒவ்வொரு கண்ணாகக் கத்தரித்தாள் தங்கபுஷ்பம். சாலையில் போகிறவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். கத்தரித்த மணிகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. எறிந்தால் யாராவது பிள்ளை பொறுக்கும். டிபன் டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தாள். அப்புறம் நிமிர்ந்தால் வேலி முழுக்க அவை அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. கொடியை வேரோடு பிடுங்கினாள். அதற்கப்புறமும் அந்தப் பக்கம் போகும்போது முதுகில் பார்வை பட்டது.

விற்றுப் போனவற்றில் ஒன்று இருக்கும் இடம் மட்டும் அவளுக்குத் தெரியும். புளியறையில் லாரிகள் நிற்கிற இடத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் இசக்கிச்செல்வி வாங்கியது. அன்றைக்கே பஸ் ஏறினாள்.

“வித்த பொம்மையத் திருப்பிக் கேக்க வந்த மொத ஆளு நீங்கதான்” என்றாள் இசக்கிச்செல்வி, தோசையைத் திருப்பிப் போட்டபடி. “அங்கன சாக்குக்கு அடியில கெடக்கும் பாருங்க.”

யானை கிடந்தது. ஒரு கண்தான் இருந்தது.

“இன்னொரு கண்ணு எங்க?”

“எனக்கென்ன தெரியும்? கோழி கொத்தியிருக்கும். என்ன இப்படி வேர்க்குது ஒங்களுக்கு? தண்ணி குடிங்க.”

பின்னாலிருந்து பிள்ளை ஓடி வந்தது. மூக்கு ஒழுக, கையில் அப்பளத்தோடு, கொழுகொழுவென்று. தங்கபுஷ்பம் அதை வாரித் தூக்கி, வாயைத் திறக்க வைத்துப் பார்த்தாள். பிள்ளை அவள் விரலைக் கடித்தது.

“எம்பிள்ள என்ன விக்கிற மாடா, பல்லப் புடிச்சுப் பாக்கிய!” என்று கத்தினாள் இசக்கிச்செல்வி. விஷயம் தெரிந்ததும் அவள் கத்தவில்லை. மிச்சமிருந்த கண்ணைத் தானே பிய்த்து அடுப்பில் போட்டாள். தங்கபுஷ்பத்தின் முகத்தைப் பார்க்காமலே, “போயிட்டு வாங்க” என்றாள்.

கையில் பணம் கொடுத்து வாங்கியவர்களுக்கு முகம் மட்டும்தான் மிச்சம். போனில் அனுப்பியவர்களுக்குப் பெயர் இருந்தது. ஷாரோன்தான் வழி சொன்னாள். “எம்மா, நம்பர் இல்லாட்டி என்ன? ஒரு ரூவா அனுப்பி, அதுகூடவே எழுதிவிட்ருவோம்.”

அப்படியே அனுப்பினார்கள். ‘குற்றாலத்தில் வாங்கிய பொம்மையின் கண் விஷம். உடனே பிய்த்துப் போடவும்.’ ஒருவர் நன்றி எழுதினார். ஒருத்தி பொம்மை எரிகிற படத்தையே அனுப்பினாள். இன்னொருவர் எழுதிய வசவை ஷாரோன் வாசிக்க மறுத்தாள். “வாசி. எனக்கு வேணும்” என்றாள் தங்கபுஷ்பம். வசவென்றால் அங்கே பிள்ளை உயிரோடு இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

மணிகண்டபிரபு என்ற பெயரிலிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை.

அந்தக் குடும்பத்தை அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இரட்டைப் பெண் பிள்ளைகள், ஒன்றரை வயதிருக்கும், ஒரே மாதிரி மஞ்சள் சட்டை. ஆளுக்கொரு முயல். அதில் ஒன்று, கடை வாசலிலேயே முயலின் கண்ணை வாயில் வைத்துச் சப்பியது. தாய் பிடுங்கப் போனாள். “விடுங்கம்மா, பல்லு மொளைக்குது, ஊறலெடுக்கும்” என்று தடுத்தவள் தங்கபுஷ்பம்தான்.

பன்னிரண்டு நாள் கழித்து அந்த ஒரு ரூபாய் திரும்பி வந்தது. கூட ஒரு எழுத்து இல்லை.

“நல்லா இருக்கப் போயித்தான திருப்பி அனுப்பியிருக்காவ” என்றாள் ஷாரோன்.

“நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு எழுதியிருப்பாவல்லா?”

“இல்லாட்டி போலீஸ்ல வந்திருப்பாவம்மா.”

“பொம்மதான் காரணம்னு தெரிஞ்சாத்தானட்டி வருவாவ? இப்ப நாம சொல்லித்தான் அவுகளுக்கே தெரிஞ்சிருந்தா?”

ஷாரோன் போனைக் கையில் எடுத்தாள். மறுபடி அனுப்பினார்கள். ‘பிள்ளைகள் இரண்டும் சுகமா?’ மூன்றாம் நாள் ரூபாய் திரும்பியது. அப்புறம் தங்கபுஷ்பமே எழுதக் கற்றுக்கொண்டாள். ஒவ்வொரு மாதமும் அனுப்புவாள். ஒவ்வொரு முறையும் திரும்பி வரும். அது வருகிற வரைக்கும் அவளுக்குச் சோறு இறங்காது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எங்காவது ஒரு பிள்ளை ஓங்கரித்தால் எழுந்து வெளியே போய்விடுவாள்.

ஸ்டான்லி பொதுவாக அதிகம் பேசாதவர். இந்த வருடம் சீசன் நெருங்கியபோது மட்டும் சொன்னார்: “கடை போடணும்னா பழைய குற்றாலத்துப் பக்கம் போடு. அந்த எடம் வேண்டாம்.”

“அதே எடந்தான். தார்ப்பாயும் அதேதான். அவுக என்னைய வைய வந்தாலும் எடம் தெரியணும்லா.”

இப்போது அவள் பொம்மைகளுக்குக் கண் கறுப்பு நூலில் பூவேலையாகத்தான். மணி, பித்தான், சலங்கை எதுவும் கிடையாது. உள்ளே பஞ்சு மட்டும், விதை பொறுக்கிய இலவம்பஞ்சு. யாராவது எடுத்தால் முதலில் வயதைக் கேட்கிறாள். காதையும் வாலையும் அவர்கள் கண் முன்னாலேயே பல்லால் கடித்து இழுக்கிறாள். நூல் ஒரு இழை நெகிழ்ந்தாலும் அந்தப் பொம்மை மூலைக்குப் போய்விடும். சிலர் அருவருத்துப் போய்விடுகிறார்கள். “மரக் கிலுகிலுப்பை இல்லையா?” என்று கேட்டால், “உள்ள என்ன போட்டிருக்குன்னு எனக்குத் தெரியாது, வேண்டாம்” என்கிறாள். பக்கத்துக் கடைக்காரன் சிரிக்கிறான்.

வியாபாரத்தின் நடுவிலும் அவள் பார்வை சாலையில்தான் இருக்கிறது. வேன் வந்து நிற்கும். கதவு திறக்கும். தலையில் துண்டும் கையில் எண்ணெய்ப் பாட்டிலுமாகப் பெரியவர்கள் இறங்குவார்கள். அவர்களை அவள் பார்ப்பதில்லை. இடுப்பில் இருப்பது, தோளில் இருப்பது, கையைப் பிடித்து நடப்பது என்று பிள்ளைகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள். இப்போது இரண்டரை வயது இருக்கும். ஒரே உயரத்தில் இரண்டு இறங்குகிறதா என்று, கடைசி ஆள் இறங்கி டிரைவர் கதவைச் சாத்துகிற வரைக்கும் பார்க்கிறாள்.