அண்ணன் வீட்டுக்குப் பின்னால் ஒரு சதுப்பு நிலம்

அலுவலகத்தில் அவளை எல்லோரும் மட்டக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். முக்காலியின் மேல் மட்டக் கருவியை ஏற்றி, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, இந்த மேடு அந்தப் பள்ளத்தைவிட எவ்வளவு உயரம் என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. "போயும் போயும் இப்படி ஒரு மட்டமான பேரா வைக்கணும்?" என்று கணவர் சீண்டுவார். "மட்டம் பாக்குறவ ஒருநாளும் மட்டம் போட்டதில்ல, அத சொல்லுங்க" என்பாள் அவள். அது வெறும் பேச்சில்லை. காய்ச்சலோடு முழங்கால் சேற்றில் இறங்கிய நாட்களும் உண்டு.

முதலில் சாலை போடும் இடத்தில் இருந்தாள். மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடி ஒழியும் என்று பார்ப்பதே அங்கே வேலை. பிறகு ஈட்டு நிதி அலுவலகத்துக்கு வந்தாள். ஊர் வளரும்போது யாராவது ஒருவர் அனுமதி வாங்கிச் சதுப்பு நிலத்தை மூடிக் கட்டடம் எழுப்புவார். மூடியதற்கு ஈடாக வேறோர் இடத்தில் சதுப்பு நிலத்தை மீட்டுத் தரவேண்டும் என்பது சட்டம். கட்டடம் கட்டுகிறவருக்கு அதெல்லாம் தெரியாது. அவர் நிதிக்குப் பணத்தைக் கட்டிவிடுவார். எப்போதோ வடிகால் வெட்டிக் காயவைத்த நிலத்தைத் தேடிப் பிடித்து, வாங்கி, அங்கே தண்ணீரைத் திரும்ப நிறுத்துவது நிதியின் பொறுப்பு. "பாதி ஆயுசு தண்ணிய வெரட்டுனேன். மீதி ஆயுசு வா வான்னு கெஞ்சிட்டிருக்கேன்" என்று சிரிப்பாள்.

ஒருநாள் மகள் கேட்டாள்: "அங்க மூடிட்டு இங்க தொறக்கிறீங்க, சரி. அங்க இருந்த தவளைக்கெல்லாம் யாரும்மா வழி சொல்றது?" பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளை விளையாட்டாகக் கேட்டதுதான். மட்டக்காரி அன்று வேலைக்குப் போகும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனாள்.

அந்தச் சமயத்தில்தான் ஊர் எல்லையில் ஆஸ்பத்திரி கட்ட அனுமதி கிடைத்தது. கட்டப்போவது ஒரு சதுப்பின் மேல். மூடுவதற்கு முன்னால் அளந்து வைக்கப் போனவளும் அவள்தான். அவள் காலடியிலிருந்து உள்ளான் குருவிகள் விருட்டென்று கிளம்பி, வளைந்து வளைந்து பறந்து, இன்னும் தள்ளிப் போய் இறங்கின. இதையா மூடுகிறோம் என்று நினைத்தாள். ஆனால் வேண்டாம் என்று சொல்லவும் அவளுக்கு வாய் வரவில்லை. அவள் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. வாரத்துக்கு மூன்று முறை பஸ் ஏறிப் பெருநகரத்துக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு, பிழிந்து போட்ட துணி மாதிரித் திரும்பி வருவார். புது ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவு வரப்போகிறது. வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். மண் லாரிகள் வர ஆரம்பித்ததும், அவள் வேலைக்குப் போகும் தெருவை மாற்றிக்கொண்டாள்.

அனுமதியில் ஒரு நிபந்தனை இருந்தது. மாற்று நிலத்தில் ஒரு மழைக்காலம் முழுக்கத் தண்ணீர் நின்று, செடி வேர் பிடித்ததாக நிதி உறுதி சொன்னால்தான் ஆஸ்பத்திரிக் கதவு திறக்கும். மாற்று நிலமும் கிடைத்தது: ஆற்றோரமாக ஒரு பழைய மேய்ச்சல் நிலம். அவள் சுற்றிலும் பார்த்தாள். நிலத்தை ஒட்டினாற்போல் ஒரு நீள மேடு. மேட்டுக்கு அந்தப் பக்கம் அவளுடைய அண்ணனின் வீடும் செடி நர்சரியும்.

நேராக இயக்குநர் அம்மாவிடம் போனாள். "மேடம், பக்கத்துல இருக்கிறது எங்க அண்ணன் வீடு. இந்த வேலைக்கு வேற யாரையாவது போடுங்க."

"மறைக்காம சொன்னீங்களே, அது போதும். உங்க அளவ இன்னொருத்தர் சரி பாக்கட்டும். வேலைய நீங்களே பாருங்க."

இன்னொருவர் வந்து அளந்தார். கணக்கு அப்படியே ஒத்துப்போனது. தண்ணீர் எவ்வளவு நின்றாலும் மேட்டைத் தாண்டாது.

அண்ணன் தொட்டிக்கு மண் நிரப்பிக்கொண்டே கேட்டார். "எனக்கு உன் மட்டமும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. தண்ணி இந்தப் பக்கம் வராதுல்ல?"

"வராதுண்ணா."

"நீ சொல்றதுனால சரிங்கறேன். வேற எவன் சொல்லியிருந்தாலும் வேலிகிட்டயே மறிச்சிருப்பேன்."

அந்த வார்த்தை பாறாங்கல் மாதிரி அவள் தலைமேல் உட்கார்ந்துகொண்டது.

வடிகால்களை மண்ணால் அடைத்தார்கள். ஆற்றுப் பக்கம் பலகை மதகு வைத்தார்கள். இரண்டு தூண்களுக்கு நடுவே பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கினால் தண்ணீர் உயரும், எடுத்தால் வடியும். மழை வந்தது. மாடு மேய்ந்த இடத்தில் வானம் கவிழ்ந்து கிடந்தது. நட்ட கோரை பச்சைப் பசேலென்று தலைநீட்டியது. மட்டக்காரி காலையில் ஒருதரம், மாலையில் ஒருதரம் போய்க் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துவிட்டு வந்தாள். "நிக்குதா?" என்பார் கணவர். "நிக்குது" என்பாள். அந்த மழைக்காலத்தில் இருவருக்கும் நடந்த பேச்சு பெரும்பாலும் அவ்வளவுதான்.

ஒருநாள் காலை அண்ணி போன் செய்தாள். "நீ கொஞ்சம் வந்துட்டுப் போயேன். தரையெல்லாம் வேர்த்துக் கெடக்கு. எனக்குப் பயமா இருக்கு."

போய்ப் பார்த்தாள். சமையலறைத் தரை பளபளத்தது. கால் வைத்தால் தடம் விழுந்தது. அண்ணன் அவளை வெளியே கூட்டிப்போய், ஒரு நாற்றைப் பிடுங்கிக் கையில் கொடுத்தார். வேர் கறுத்து, அழுகல் நாற்றம் அடித்தது.

"பலகைய எடு" என்றார்.

"எடுத்தா கோரை காஞ்சிடும்ணா. அப்புறம் அடுத்த மழைதான். ஆஸ்பத்திரி தொறக்காது."

"மாப்ளைய நெனச்சுத்தான் நீ சொல்றேன்னு தெரியுது. நான் என்ன கல்லா? ஆனா வீட்டுக்கு அடியில தண்ணி ஊறுதே, செவுரு எத்தன நாள் தாங்கும்?"

"ஒருநாள் குடுங்க. பாத்துட்டுச் சொல்றேன்."

கருவியைத் தூக்கிக்கொண்டு மேட்டின்மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தாள். மேடு உலர்ந்து கிடந்தது. எங்கும் ஒரு சொட்டு தாண்டவில்லை. அளவில் தப்பில்லை. பிறகு எப்படி? இயக்குநர் அம்மாவிடம் சொன்னபோது அவர், "மழைக்காலத்துல எல்லா வீட்லயும் ஓதம் வரும். எங்க வீட்டுச் செவுத்துலகூடத்தான் சுண்ணாம்பு உதிருது. அப்படி இருக்கலாம்ல?" என்றார். அவர் அதை ஏமாற்றுவதற்காகச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் அவரைப் பிய்த்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். "எதுக்கும் முடிவ நீங்களே எடுங்க" என்றும் சொன்னார்.

ஓதமாக இருக்கலாம். அதை நம்புவதற்கு மட்டக்காரிக்குக் கொள்ளை ஆசை. நம்பிவிட்டால் இன்னும் சில வாரங்களில் எல்லாம் முடிந்துவிடும். வீட்டுக்கு நடந்து வரும்போது வழியெல்லாம் தன்னிடமே சொல்லிப் பார்த்தாள். ஒட்டவில்லை.

கணவர் அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து படுத்திருந்தார். சொன்னாள். கண்ணை மூடியபடியே கேட்டார்.

"அது உன் தண்ணியா?"

"தெரியல. ஆனா என் தண்ணிதான்னு மனசு அடிச்சுக்குது."

"அப்ப தொற."

"தொறந்தா நீங்க இன்னும் ஒரு வருஷம் அந்த பஸ்ல..."

"பஸ்ஸு எனக்குப் பழகிடுச்சும்மா. கண்டக்டரே எடம் புடிச்சு வைக்கிறாரு. வீட்டுக்குள்ள வர்ற தண்ணி யாருக்குப் பழகும்?"

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். போர்வை நுனியை இறுக்கிப் பிடித்திருந்த அவர் கையை அவள் பார்த்தாள். அவருக்கும் பயம்தான்.

மறுநாள் காலை மதகுக்குப் போனாள். பலகைகள் ஊறி உப்பி, அசைய மறுத்தன. மூச்சுவாங்க இழுத்துக்கொண்டிருந்தபோது அண்ணன் கடப்பாரையோடு வந்து இறங்கினார். அவர் நெம்ப, அவள் இழுக்க, மேல் பலகை பிய்த்துக்கொண்டு வந்தது. தண்ணீர் ஓவென்று ஆற்றில் விழுந்தது. அடுத்ததையும் எடுத்தார்கள். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். அவள் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதாள்.

மழை விடவில்லை. ஆனால் நிலத்தில் தண்ணீர் இறங்க இறங்க, அண்ணன் வீட்டுத் தரை காய்ந்தது. ஓதமில்லை, அவள் தண்ணீர்தான். எந்த வழியாக வந்தது என்பதுதான் பிடிபடவில்லை. அதை அவிழ்த்தது அண்ணி போகிறபோக்கில் சொன்ன ஒரு வார்த்தை.

"இந்த ஈரத்தப் பாரேன், காயுறப்பவும் ஒரே கோடாக் காயுது. சமையல்கட்டுலேர்ந்து முன்வாசல்வரைக்கும் ஸ்கேல் வச்சுப் போட்ட மாதிரி."

மட்டக்காரி நின்றுவிட்டாள். தண்ணீரைத் தன் போக்கில் விட்டால் அது கோணலாகத்தான் போகும். நேராகப் போகிறதென்றால், யாரோ அதற்கு வழி போட்டிருக்கிறார்கள். கருவியை வாசலில் நிறுத்தி, அந்தக் கோட்டை அப்படியே மேட்டைத் தாண்டி நீட்டினாள். வேலியோரம் ஒரு குச்சி நட்டு, தோண்டும் வண்டிக்காரரை வரவழைத்தாள். இடுப்பளவு ஆழத்தில் சுட்ட மண் குழாய் ஒன்று தட்டுப்பட்டது. மேய்ச்சல் நிலத்தை வடியவைக்க எந்தக் காலத்திலோ, யாரோ புதைத்தது. பின்னால் வந்தவர்கள் அது தெரியாமல் அதன்மேலேயே வீட்டைக் கட்டியிருந்தார்கள். மேட்டுக்கு மேலே எல்லாவற்றையும் அளந்தவள், மேட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஒருவரையும் கேட்கவில்லை.

குழாயை வெட்டி, களிமண்ணைத் திணித்து அடைத்தார்கள். நாற்று அழுகிய நஷ்டத்தை நிதி ஏற்றுக்கொண்டது. ஆனால் பலகைகளை மறுபடி இறக்கியபோது மழை ஓய்ந்துவிட்டது. கோரை பழுத்துச் சாய்ந்தது. ஆஸ்பத்திரி கட்டி முடிந்து, கண்ணாடியெல்லாம் மாட்டி, பூட்டிக் கிடந்தது.

ஊர் வாய் சும்மா இருக்குமா? "அந்த அம்மாதான் தொறக்கவிடாமப் பண்ணிட்டாளாம். அவ அண்ணன் வீடாம்ல பக்கத்துல" என்று கடையில் அவள் காதுபடவே பேசினார்கள். பாதி உண்மை என்பதால் மறுக்கவும் முடியவில்லை. அதற்குமேல் கணவர் கிருமி தொற்றி, பெருநகர ஆஸ்பத்திரியில் நாள்கணக்கில் கிடந்தார். அவர் கட்டிலருகே உட்கார்ந்து, குழாயில் இறங்கும் மருந்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பலகையை எடுத்த கை இதுதானே என்று தன் கையையே வெறித்தாள். அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் மகள் முகத்தில் எப்படி விழிப்பது?

பிழைத்து வந்தார், இன்னும் மெலிந்து. அடுத்த முறை டயாலிசிஸுக்குக் கிளம்பி வாசலுக்கு வந்தால், அண்ணனின் நர்சரி வேன் நின்றுகொண்டிருந்தது.

"ஏறுங்க மாப்ள. அந்தப் பக்கம் எனக்கும் செடி எறக்கற வேலை இருக்கு."

வாரத்துக்கு மூன்று தடவை அப்படி என்ன செடி இறக்குகிறார் என்று யாரும் கேட்கவில்லை. "செடியோட செடியா என்னையும் தண்ணி ஊத்திக் கூட்டிட்டு வராருடி உங்க அண்ணன்" என்று கணவர் சிரித்தார். தங்கையோடு மட்டும் அண்ணன் அவ்வளவாகப் பேசவில்லை. அவர் நம்பியது அவள் வாக்கைத்தான், அவள் கருவியை அல்ல.

அடுத்த மழை வந்தது. தண்ணீர் ஏற ஏற, மட்டக்காரி போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தாள். அண்ணி தினமும் விடிந்ததும் தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுப் போன் செய்வாள். "காஞ்சிருக்கு." அதைக் கேட்ட பிறகுதான் இவளுக்குக் காப்பி இறங்கும். அந்தக் காலம் முழுக்கத் தரை காய்ந்தே இருந்தது. கோரை மறுபடி துளிர்த்து இடுப்புயரம் நின்றது. தண்ணீர்க்கோழி குஞ்சுகளோடு நீந்தியது. உள்ளான் மட்டும் ஒன்றுகூட வரவில்லை.

நிதி உறுதி சொல்லவேண்டிய கூட்டத்தில் ஆஸ்பத்திரிக்காரர்கள் கைகுலுக்கக் காத்திருந்தபோது இயக்குநர் அம்மா கேட்டார். "இப்ப மனசாரச் சொல்லலாமா?"

"தண்ணி நிக்குது மேடம். செடி புடிச்சிடுச்சு. நிபந்தனையில இருக்கிறது எல்லாம் சரி. ஆனா அங்க இருந்ததே இங்க வந்துடுச்சான்னு கேட்டா, இன்னும் இல்ல. வருமான்னும் எனக்குத் தெரியாது."

ஆஸ்பத்திரிக்காரர்கள் கைகுலுக்கினார்கள். கதவு திறக்க உத்தரவாயிற்று.

முதல் நாள் கணவரோடு நடந்தே போனாள். பெயின்ட் வாசனை போகாத அறை. நர்ஸ் அவரைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து ஊசியைப் போட்டாள். ரத்தம் குழாயில் ஏறி இயந்திரத்துக்குள் போயிற்று. ஜன்னலுக்கு வெளியே வண்டி நிறுத்தும் இடம். அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் கண்ணாடியில் மழைத் துளிகள் விழுந்தன; பிறகு சடசடவென்று பிடித்துக்கொண்டது. அவள் எழுந்து ஜன்னலருகே போனாள். வந்து உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள்.

"எனக்குத் தலையச் சுத்துது உன்னப் பாத்தா" என்றார் கணவர். "போ, போய்ப் பாத்துட்டு வா. நான் எங்க ஓடிடப் போறேன், கட்டிப் போட்டிருக்காங்களே."

"சீக்கிரம் வந்துடறேங்க."

கீழே இறங்கியதும் ஒரு ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினாள். "எங்கம்மா?" என்றார் ஓட்டுநர். "ஆத்தோரம்" என்று ஏறிக்கொண்டு, அண்ணி வீட்டு நம்பரைப் போனில் தேடினாள்.