நிதி இருந்தால்

விருத்தாசலம் சந்திப்பில் சென்னை வண்டிக்காகக் காத்திருக்கிறேன். நண்பகல். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத ஓர் அம்மா, இங்கே ஒரு பீங்கான் கம்பெனியில் சூளை அடுக்குகிறவர். நகக்கண்ணெல்லாம் வெள்ளை மண். மடியில் அட்டைப் பெட்டி. அதில் வைக்கோலுக்குள் ஒரு பீங்கான் பிள்ளையார்.

“சென்னையில ஸ்காலர்ஷிப் ஆபீஸருக்குங்க. மூணு தடவ வெறுங்கையோட போயிட்டேன்” என்கிறார்.

அவர் மகளுக்கு ஜெர்மனியில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. அங்கே வகுப்பு தொடங்கிவிட்டது. மகள் இன்னும் வீட்டில்தான் இருக்கிறாள். அரசு உதவித்தொகைக் கடிதத்தை என்னிடம் நீட்டுகிறார். ‘தாங்கள் தேர்வு செய்யப்பட்டுள்ளீர்கள். நிதி இருப்பைப் பொறுத்துத் தொகை வழங்கப்படும்.’

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பணம் இல்லாதவர்கள் எதற்குத் தேர்வு செய்தார்கள்?

“பிள்ளையாரைக் குடுக்காதீங்கம்மா. சண்டை போடுங்க.”

“சூளையில சாமான அடுக்கிட்டு, கேஸு இருந்தா எரிக்கிறேன்னு எங்க மொதலாளி சொன்னா சும்மா வுடுவமா? இவுங்கள யாருங்க கேக்கறது?”

ஒலிபெருக்கி கரகரக்கிறது. வண்டி இருபது நிமிடம் தாமதமாம். பயணிகளுக்கு ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறார்களாம்.

கடிதத்தின் இரண்டு பக்கத்தையும் திருப்பிப் பார்க்கிறேன். வருந்துகிறோம் என்று எங்கேயும் இல்லை.