கட்டிப்பிடிக்காத காட்சி

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை. பக்கத்து வீட்டு மஹ்னாஸ் வந்து கதவைத் தட்டினார்.

"உன் ஸ்கார்ஃப் ஒன்று வேண்டும். கறுப்பாக இருந்தால் நல்லது."

நான் குழம்பிப் போனேன். காரணம் இருக்கிறது.

நான் வாசலைத் தாண்டினால் முக்காடு போடுகிறவள். மேலப்பாளையத்துப் பழக்கம். கலிபோர்னியாவுக்கு, இந்த டப்ளினுக்கு வந்தும் விடவில்லை. யாரும் வற்புறுத்தவில்லை... எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். மஹ்னாஸ் ஈரானியப் பெண்மணி. ஐம்பதைத் தாண்டியவர். மகனோடு இருப்பதற்காக இங்கே வந்தவர். விமானம் ஏறியதும் கழற்றிய துணியை அதற்கப்புறம் தொட்டதே இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். இப்போது எதற்கு?

யாராவது இறந்துவிட்டார்களோ என்றுகூட பயந்தேன்.

"இல்லை, ஆடிஷன்" என்றார்.

மஹ்னாஸ் நடிகை. சாதாரண நடிகை இல்லை. ஒருமுறை அவரோடு ஈரானியக் கடைக்கு ரொட்டி வாங்கப் போயிருந்தேன். கல்லாவில் இருந்தவர் இவரைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். ரொட்டியை வாங்கிக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் மஹ்னாஸ் விவரம் சொன்னார். அம்மா அந்தக் காலத்து சினிமா நடிகை. அப்பா நாடகத்திலும் சினிமாவிலும் பேர் வாங்கியவர். ஆட்சி மாறியதும் அம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தலையில் துணியில்லாமல் கதாநாயகர்களைக் கட்டிப்பிடித்து நடித்தவர் ஆயிற்றே. அப்பா தொடர்ந்து நடித்தார். சிறுமி மஹ்னாஸும் அவரோடு கேமரா முன்னால் போனாள்.

அங்கே ஒரு விதி. சொந்தமில்லாத ஆணும் பெண்ணும் திரையில் தொட்டுக்கொள்ளக் கூடாது. கதையில் கணவன் மனைவியாக இருந்தாலும் சரி.

"அதனால் அப்பா–மகள் வேடம் என்றால் எங்கள் இரண்டு பேரையும் தேடி வருவார்கள்" என்றார் மஹ்னாஸ். "நிஜ அப்பா. கையைப் பிடிக்கலாம், தலையைத் தடவலாம். மற்றபடி படங்களில் எனக்கு எத்தனையோ கணவர்கள். ஒருவருடைய சுண்டுவிரல்கூட என்மேல் பட்டதில்லை."

அப்பா இறந்த பிறகு வந்த படத்தில் வேறொருவர் அப்பாவாக நடித்தாராம். சாவுப் படுக்கைக் காட்சி. மஹ்னாஸின் கை போர்வை ஓரம் வரை போய் நின்றுவிட்டது. அந்தக் காட்சிக்குத்தான் விருது.

"அற்புதமான நடிப்பு என்று எழுதினார்கள். நான் நடிக்கவே இல்லை. என் அப்பா இல்லையே என்று நினைத்துக்கொண்டிருந்தேன்."

இப்பேர்ப்பட்டவருக்கு இங்கே வந்ததிலிருந்து ஒரு வேடமும் இல்லை. உச்சரிப்பு சரியில்லை, முகம் பொருந்தவில்லை, வயது அதிகம்... ஏதோ ஒன்று. இப்போதுதான் ஒரு டிவி சீரியலில் முக்காடு போட்ட அகதிக் குடும்பத்துத் தாயாக ஒரு சின்ன வேடம் வந்திருக்கிறது. பல வருஷம் பிரிந்திருந்த கணவன் வாசலில் வந்து நிற்கிறான். ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்க வேண்டும். அதை வீட்டிலேயே போனில் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

ஸ்கார்ஃபைக் கொடுத்தேன். என் வீட்டுக்காரரையும் கூப்பிட்டேன்.

"மச்சான், கொஞ்சம் வாங்க. ஹஸ்பண்ட் டயலாக் படிக்கணும்."

"நான் கம்ப்யூட்டர்ல டெவ்ஆப்ஸ் பாக்குற ஆளும்மா. என்னைய எதுக்கு இதுல இழுக்குற?"

"ரெண்டு மூணு லைன்தான்."

பேப்பரை வாங்கிப் பார்த்தார். முகம் மாறியது. "இதுல ஹக்னு போட்டிருக்கு. நீ படிச்சுப் பாத்தியா?"

நான் மஹ்னாஸைப் பார்த்தேன். அவர் சிரித்துவிட்டார். "அவர் போனுக்குப் பின்னால் நின்று படித்தால் போதும்."

படித்தார். மஹ்னாஸ் எங்கள் சோபாவைச் சுற்றி ஓடி வந்தார். போனுக்கு ஓரடி தள்ளி நின்றார். கை உயர்ந்தது... பாதியில் நின்றது. விரல்கள் மட்டும் நடுங்கின. என் வீட்டுக்காரர் கடைசி வரியைப் படிக்க மறந்துபோனார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் ரெக்கார்டிங்கை நிறுத்தினேன்.

அடுத்த வாரம் சீரியல்காரர்கள் வீடியோ காலில் பேசினார்களாம். "ரொம்ப அருமை. ஆனால் ஏன் கட்டிப்பிடிக்கவில்லை? இங்கே உங்களுக்கு எந்தத் தடையும் இல்லையே. முக்காடு மட்டும் நழுவாமல் பார்த்துக்கொள்ளுங்கள்."

இதற்குச் சிரிப்பதா, கோபப்படுவதா? நான் தினமும் விரும்பிப் போடுவது அவர்களுக்கு வேஷ உடை. மஹ்னாஸ் விரும்பிக் கழற்றியதுதான் அவருக்கு வேடம் கிடைக்க வழி.

"உனக்குக் கோபமா?" என்று மஹ்னாஸ் கேட்டார்.

"தெரியவில்லை. உங்களுக்கு?"

"எனக்கும் தெரியவில்லை. ஆனால் நடிக்க வேண்டும்."

வேடம் கிடைத்தது. ஷூட்டிங் முடிந்து வந்தவரை டீக்குக் கூப்பிட்டேன்.

"கட்டிப்பிடித்தீர்களா?"

"ம்."

"எப்படி இருந்தது?"

"நல்ல மனிதர். மெக்சிகோக்காரர். இறுக்கி அணைத்தேன். எல்லோரும் கை தட்டினார்கள்." கோப்பையைக் கீழே வைத்தார். "என் முகம் அவர் தோளில் புதைந்துவிட்டது. கேமராவுக்கு என் முதுகுதான் தெரிந்திருக்கும். இத்தனை வருஷம் முகத்தாலும் விரலாலும் நடித்தவள் நான்."

சந்தோஷப்பட்டு ஏதாவது சொல்லலாம் என்று வாயெடுத்தவள், அவர் கோப்பையில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினேன்.

தெஹ்ரானில் இருக்கும் அம்மாவிடம் போனில் சொன்னாராம். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாராம்.

"நான் முக்காடு இல்லாமல் கட்டிப்பிடித்தேன், வீட்டுக்கு அனுப்பினார்கள். நீ முக்காடு போட்டுக்கொண்டு யாரையும் தொடவில்லை, விருது கொடுத்தார்கள். இப்போது முக்காடு போட்டுக்கொண்டு கட்டிப்பிடிக்கிறாயா? சரி, நம் குடும்பத்தில் அது ஒன்றுதான் பாக்கி இருந்தது."

சிரித்தவர் சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டாராம். லைன் போய்விட்டதா, அம்மா அழுகிறாரா என்று மஹ்னாஸுக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லையாம்.

யாருடைய காலம் நல்ல காலம்? அம்மாவுடையதா, மகளுடையதா? எந்த ஊரில் அவர் சுதந்திரமாக நடித்தார்? வாரா வாரம் இந்தப் பத்தியில் உங்களுக்கு ஏதாவது கருத்து சொல்லியே பழகிவிட்டேன். இந்த வாரம் கைவசம் ஒன்றும் இல்லை.

நேற்று மஹ்னாஸுக்கு இன்னொரு அழைப்பு வந்திருக்கிறது. மறுபடியும் ஒரு தாய் வேடம். வசனம் கிடையாது, யாரையும் தொட வேண்டாம், அழுதால் போதுமாம்.

கவனித்தீர்களா... அழுவதற்கு மட்டும் எந்த நாட்டிலும் நமக்குத் தடையே இல்லை.