ஈயம் போன தேக்சாவும் ஓடை அயிரையும்

நான் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தது கொஞ்ச காலம்தான். மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டிய கை இது. அந்தக் கைதான் கள்ளக்குறிச்சியில் பாத்திர வாடகைக் கடை போட்டது. இன்றைக்கு இந்தச் சுற்றுவட்டாரத்தில் கல்யாணச் சோறு வேகிறது என்றால் பாதி என் பாத்திரத்தில்தான் வேகும். பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

கடை முகப்பில் பெரிய கண்ணாடி மீன்தொட்டி வைத்தேன். கப்பி, பிளாட்டி எல்லாம் மேலே நீந்தும். தின்றது போக மிச்சத் தீனி அடியில் கிடந்து அழுகும். அடியைத் துழாவித் தின்ன ஏதாவது வேண்டுமே என்று, கல்வராயன் மலை அடிவார ஓடையில் துணி போட்டு ஆறு அயிரை பிடித்து வந்தேன்.

"ஓடுற தண்ணியில இருந்தத கொண்ணாந்து சாவடிக்கப் போறீங்க," என்றாள் என் மனைவி. கடைக்குப் பின்னால்தான் வீடு.

"என் கையில ஒண்ணு கூட சாவாது. சத்தியம்."

சொன்னால் செய்கிறவன் நான். கூர்க்கல் பட்டால் அயிரையின் மீசை தேய்ந்துபோகும் என்று தொட்டியிலிருந்த ஜல்லியை வாரிக் கொட்டிவிட்டு, நைசான ஆற்று மணலை அலசி நிரப்பினேன். பகலில் பதுங்க ஓட்டுத் துண்டு, துள்ளி விழாமலிருக்க மூடி. மாசக்கணக்கில் ஆறும் கொழுகொழுவென்று இருந்தன.

முகூர்த்த மாதம் வந்தது. குழாய்த் தண்ணீரை டிரம்மில் பிடித்து, பிளீச்சிங் வாடை போகத் திறந்து வைத்து, மறுநாள்தான் தொட்டிக்கு ஊற்றுவேன். அந்த வாரம் டிரம் எல்லாம் மணலூர்பேட்டைக் கல்யாணத்துக்குப் போய்விட்டன. சும்மா கிடந்தது ஒரு பிரியாணி தேக்சா, பெரிய செம்பு அண்டா. அதில் பிடித்து வைத்து, காலையில் தொட்டியில் கால்வாசித் தண்ணீரை மாற்றினேன்.

டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், பகலில் தலைகாட்டாத அயிரைகள் மணலை விட்டு எழும்பி மேலே மேலே பாய்கின்றன. ஒன்று மல்லாந்து விழுந்தது. செவுள் படபடவென்று அடித்தது. கப்பிகளோ ஒன்றும் நடக்காததுபோல் சுற்றிக்கொண்டிருந்தன.

பக்கத்துத் துணிக்கடை பாய் வந்து குனிந்தார். "இன்னா மொதலாளி, கொழம்புக்கு ரெடியாய்க்கினு கீதா?" என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓடினார். ஒரு கை கல்லுப்போடு வந்தார். "இத போடுங்க, எந்த நோவும் ஓடிப்பூடும்."

அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். "வாணாம் பாய். மெல்லிசு தோலு இதுக்கு, உப்பு ஜாஸ்தியானா தாங்காது."

"அப்ப இன்னா, பாத்துக்கினே நிக்கறதா?"

புதுத் தண்ணீர் பட்டால் தெளியும் என்று தேக்சாவிலிருந்து இன்னொரு வாளி ஊற்றினேன். மேலும் இரண்டு பக்கவாட்டில் சாய்ந்தன. அடுத்த வாளிக்குக் குனிந்தபோது, தண்ணீர் இறங்கிய தேக்சாவின் உள்பக்கத்தில் பச்சையாக ஒரு கோடு. களிம்பு. ஈயம் பூச அனுப்புவதற்காக ஒதுக்கி வைத்த தேக்சா அது! ராத்திரி முழுக்கச் செம்பு ஊறி, தண்ணீரே விஷமாகியிருக்கிறது. ஈயம் போன செம்பில் புளி கரைக்காதே என்று சமையல்காரர்களிடம் கத்துகிறவனே நான்தான். வாளியைத் தெருவில் கொட்டினேன்.

"பாய், உங்க வூட்டு போர் தண்ணி!"

இரண்டு பேரும் பிளாஸ்டிக் குடங்களில் சுமந்தோம். மொத்தமாக மாற்றினால் அந்த அதிர்ச்சியே கொன்றுவிடும். நான் டியூப் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்ற, என் மனைவி சொம்பு சொம்பாக ஊற்றினாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

மத்தியானத்துக்குள் அயிரைகள் கண்ணில் படாமல் போயின. உயிரோடு மணலுக்குள் புதைந்தனவா, செத்து ஒதுங்கினவா, தெரியவில்லை.

"கரண்டிய வுட்டு கெளறிப் பாத்துடலாமா?" என்றார் பாய்.

"கைய வெச்சீங்க, அவ்ளோதான் பாய்," என்றாள் அவள்.

பாத்திரம் கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன். என் தொழிலில் அப்படி நடந்ததே இல்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் அடியில் முங்கும் தீனியை அவள் போட்டாள். மணல் அசைந்தது. ஒரு மீசை. அப்புறம் இன்னொன்று. எப்படி எண்ணினாலும் ஐந்துக்கு மேல் போகவில்லை. ஆறாவதை ஓட்டுத் துண்டுக்குப் பின்னால் அவள்தான் கண்டாள். விறைத்திருந்தது. உள்ளங்கையில் எடுத்து என் முன் நீட்டினாள்.

"சத்தியம் இன்னா ஆச்சுங்க?"

பஞ்சாயத்திலேயே வாயடைத்து நிற்காதவன் நான். அன்றைக்கு டியூபைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"இனிமே இதுக்கு தண்ணி நான்தான் ஊத்துவேன். நீங்க கிட்டவே வரக்கூடாது."

ஐந்தும் இன்றுவரை நன்றாக இருக்கின்றன. கடை நிறைய தேக்சா வைத்திருக்கிறேன். அந்தத் தொட்டியில் ஒரு டம்ளர் நனைக்க எனக்கு அனுமதி இல்லை. வருகிறவர்கள் மீனைப் பார்த்து மெச்சும்போது, அவள் வீட்டுக்குள் இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துக்கொண்டு, "எல்லாம் நம்ம வளர்ப்புதான்" என்பேன்.