நல்லண்ணக் கவுண்டரும் சின்னக் குவியலும்

இழவு சொல்ல ஆள் அனுப்புவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். கூடப்பிறந்தவன் பிணத்தை வீட்டில் போட்டுவிட்டுத் தானே சொல்ல வருவதில்லை. ஆகவே, போன ஆடி மாதம் ஒரு காலையில் ஒப்பணக்கார வீதியில் என் சைக்கிள் கடையைத் திறந்துகொண்டிருந்தபோது வேலப்பன் வந்து இறங்கியதைப் பார்த்து எனக்கு எதுவும் தோன்றவில்லை. கேரியரில் ஒரு சாக்கு மூட்டை கட்டியிருந்தான். அதை அவிழ்த்து என் மேசைமேல் வைத்தான். உள்ளே இரும்போடு இரும்பு உரசியது.

"அண்ணன் போயிட்டாருங்க மச்சான். இதையெல்லாம் மாட்டிக் குடுத்துருங்க" என்றான்.

செத்தவரைப் பற்றிக் கேட்கவேண்டிய நான் மூட்டையைத்தான் பிரித்துப் பார்த்தேன். இரண்டு செயின்கள், பல் சக்கரங்கள், பெடல்கள், அவற்றின் அச்சுகள். வருஷக்கணக்கில் ஊர் ஊராகத் தேடி நான் கண்டுபிடிக்க முடியாத சாமான்கள் அத்தனையும் எண்ணெய் பூசி மினுமினுவென்று இருந்தன. அப்போதுதான் வேலப்பன் சொன்னது உறைத்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நல்லண்ணக் கவுண்டர் என் மனைவிக்கு அண்ணன். வேலப்பன் அவளுக்குத் தம்பி. சூலூரைத் தாண்டி அவர்கள் தோட்டம். பெரியவருக்குச் சிறு வயதில் அம்மை வந்து இரண்டு கண்ணும் போய்விட்டது. அந்தச் சுற்று வட்டாரத்தில் அவரை அறியாதவர்கள் குறைவு. அவரிடம் வசவு வாங்காதவர்கள் அதைவிடக் குறைவு. இதைப் படிக்கிற உங்களுக்கும் உங்கள் பங்கு கிடைத்திருக்கும். இரங்கி யாராவது கையைப் பிடித்து நடத்த வந்தால், "என்ற கையப் புடிக்கறது இருக்கட்டுமுங்க, உங்க கண்ணு எங்கெங்க மேயுதுன்னு எனக்குத் தெரியாதுங்களா?" என்பார். பிடித்தவர் அன்றோடு அந்தப் பக்கம் போகமாட்டார். செத்தவரைப் பற்றி நல்லதையே சொல்லவேண்டும் என்பார்கள். அந்தக் கணக்கில் எழுதினால் இது நாலு வரியில் முடிந்துவிடும்.

அவர் மனம் விட்டுச் சிரித்து நான் பார்த்தது சைக்கிள்மேல் மட்டும்தான். மில் ஒன்றில் இருந்த வெள்ளைக்கார எஞ்சினீயர் சீமைக்குத் திரும்பும்போது தன் சாமான்களை ஏலம் விட்டார். அவரும் அவர் மனைவியும் சேர்ந்து மிதித்த பழைய இரட்டைச் சைக்கிளை நான் எடுத்துவந்தேன். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர்; இருவர் காலுக்கும் பெடல் உண்டு. வாங்க ஆளில்லாமல் கடையில் கிடந்ததை ஒரு நாள் நல்லண்ணக் கவுண்டர் தலையிலிருந்து வால்வரை தடவிப் பார்த்தார். தம்பியை முன்னால் ஏறச் சொல்லித் தான் பின்னால் ஏறினார். உக்கடம்வரை போய்த் திரும்பியபோது வேர்த்து விறுவிறுத்துச் சின்னப் பிள்ளைபோலச் சிரித்துக்கொண்டிருந்தார். "வண்டீல ஏத்துனா நான் ஒரு மூட்டைங்க மாப்பிள்ளை. இதுல ஏறுனா ஆளுங்க" என்றார். அதன்பிறகு சந்தை, கோயில், சீர், இழவு எதுவானாலும் அண்ணனும் தம்பியும் அதில்தான். பெருந்துறை தாண்டிச் சென்னிமலைத் தேருக்குக்கூடப் போய்வந்தார்கள். வழியெல்லாம் அண்ணன் தம்பியைத் திட்டிக்கொண்டே மிதிப்பார். தம்பி கேட்டுக்கொண்டே ஓட்டுவான்.

கெடுத்தது கிணறு. பாகம் ஆகாவிட்டாலும் வெள்ளாமை ஆளுக்குத் தனி, கிணறு மட்டும் பொது. தண்ணீர் பாய்ச்சத் தன் முறை வந்த ஒரு நாள் பெரியவர் வாய்க்காலில் கால் வைத்துப் பார்த்திருக்கிறார், கால் நனையவில்லை. தம்பியின் பருத்திக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மறந்துவிட்டேன் என்றான் வேலப்பன். மறந்தானா, குருடருக்கு என்ன தெரியப்போகிறது என்று இருந்தானா, அவனுக்குத்தான் வெளிச்சம். வீட்டுக்குள் பேசித் தீர்த்திருக்கலாம். பெரியவர் சந்தை நாளில், நாலு ஊர்க்காரர்கள் நடுவில், "இவன் கண்ணுத் தெரியாத பொட்டையன் தண்ணியத் திருடறவனுங்க" என்றார். அந்தச் சந்தைக்கு அவரைப் பின்னால் ஏற்றி ஓட்டிவந்தவனே அவன்தான். அன்று தோட்டம்வரை இருவரும் பேசாமல் மிதித்துத் திரும்பினார்கள். அந்த வாரமே பாகம் பிரிப்பது என்று ஆயிற்று.

எங்கள் பக்கத்தில் மூத்தவன் பங்கு வைக்கவேண்டும்; இளையவன்தான் முதலில் எடுக்கவேண்டும். வைக்கிறவன் வஞ்சகம் செய்யக்கூடாது என்பதற்காக ஏற்பட்ட வழக்கம். நிலம், மாடு, பித்தளை எல்லாம் ஒழுங்காகப் பிரிந்தது. கடைசியில் சைக்கிளில் வந்து நின்றது. இவர் விட்டுக்கொடுக்கவில்லை, அவனும் விடவில்லை. பொழுது சாய்ந்துவிட்ட எரிச்சலில் பஞ்சாயத்துக்கு வந்த கிழவர் ஒருவர், "ஏனுங்க, அதையும் ஆளுக்குப் பாதியாக் கழட்டிக்குங்க" என்றார். கேலியாகத்தான் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் தம்பி இருவர் மட்டும் சிரிக்கவில்லை.

"கழட்டிப்போடலாமுங்க" என்றார் நல்லண்ணக் கவுண்டர்.

"எனக்கும் சம்மதமுங்க" என்றான் வேலப்பன்.

மாப்பிள்ளை முறைக்காரன், சைக்கிள் கடைக்காரன். கழற்றுகிற வேலை என் தலையில் விழுந்தது. வாசலில் பாய் விரித்து ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்தேன். பெரியவர் தடவித் தடவி இரண்டு குவியலாக வைத்தார். பெரிய குவியலில் வண்டியின் சட்டம், சக்கரங்கள், ஹேண்டில்பார், சீட்டுகள். சின்னக் குவியலில் செயினும் பல் சக்கரமும் பெடலும் அச்சும். வைத்து முடித்ததும் என் காதோரம் குனிந்தார். "அவன் பெருசைத்தான் எடுப்பான் மாப்பிள்ளை. ஆசைக்காரன். எடுத்துட்டுப்போயி என்ன பண்ணுவான்? ஓட்டோணுமுன்னா எங்கிட்டத்தான வரோணும். வரட்டும். கையேந்திக் கேக்கட்டும்."

வேலப்பன் குவியல்களைப் பார்க்கவே இல்லை. அண்ணன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். இத்தனை வருஷம் அந்த வாயின் முன்னால் உட்கார்ந்து ஓட்டியவனுக்கு அந்த முகம் தெரியாதா? "எனக்குச் சின்னதே போதுமுங்க" என்றான். பஞ்சாயத்தார் உருகிப்போனார்கள். தம்பி என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நல்லண்ணக் கவுண்டர் முகத்தில் ஈயாடவில்லை.

அதற்குப்பிறகு அவர் சாகும்வரை எனக்கு ஒரே வேலை, அந்தச் சின்னக் குவியலுக்கு மாற்றுச் சாமான் தேடுவது. அது பழைய காலத்து வண்டி. அதன் செயினில் கண்ணிக்குக் கண்ணி ஓர் அங்குலம். இப்போது வருவதெல்லாம் அதில் பாதி. புதுச் செயின் பழைய பல்லில் உட்காராது. புதுப் பல் சக்கரம் பழைய அச்சில் ஏறாது. சென்னப்பட்டணத்து ஏஜெண்டுக்கு எழுதினால் புது வண்டி வாங்கிக்கொள்ளச் சொன்னான். பெங்களூரில் பட்டாளத் தண்டுப் பக்கத்துப் பழைய இரும்புக் கடைகளைச் சலித்துவிட்டேன். குன்னூரில் ஒரு துரை பங்களாவில் இதே மாதிரி வண்டி இருப்பதாகக் கேள்விப்பட்டு மலையேறிப் போனேன். இருந்தது, அதன்மேல் அவரைக்கொடி படர்ந்திருந்தது. செயினைத் தொட்டதும் முறுக்குப்போல் நொறுங்கிக் கையோடு வந்தது.

கடைசியில் பீளமேட்டுப் பக்கம் ஒரு பட்டறையில் பல் சக்கரம் வார்த்து, செயினைக் கண்ணி கண்ணியாகத் தட்டிச் செய்ய வைத்தேன். சூலூர்க் குளத்துக் கரையில் நான் முன்னால், அவர் பின்னால். பாதிக் கரைகூடப் போகவில்லை. பற்கள் மளமளவென்று உதிர்ந்தன. இருவரும் சரிந்து விழுந்தோம். முழங்கை சிராய்த்து எழுந்தவர், "உங்க பட்டறைக்காரன் பல்லுக்கு என்ற பல்லே தேவலைங்க மாப்பிள்ளை" என்றார். அவருக்குப் பல் பாதி கொட்டிப்போயிருந்தது. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தொடையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே, "காலு சூம்புதுங்க" என்றார். அவர் பயந்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

அவருக்குத் தேவையானது எங்கே இருக்கிறது என்பது ஊருக்கே தெரியும். வீட்டை இரண்டாக்கி நடுவில் எழுப்பிய மண் சுவருக்கு அந்தப் பக்கம், வேலப்பனின் மாட்டுக் கொட்டகையில், உத்தரத்தில் தொங்கியது. தினமும் சாயங்காலம் பால் கறக்கப் போகும்போது வேலப்பன் பல் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிடுவான். கிர்ரென்று ஓடி நிற்கும். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் பெரியவர் கையை நிறுத்திவிட்டுக் கேட்பார். நான் பக்கத்தில் இருந்த ஒரு நாள், "எண்ணெய் உட்டிருக்கான், கேட்டீங்களா? துரு ஒரு துளி இல்லை" என்றார். வைகிறாரா, மெச்சுகிறாரா என்று எனக்குப் புரியவில்லை.

தூது போகாமல் இருப்பேனா? போனேன். "அவரு வாயால ஒரு வார்த்தை கேக்கட்டுமுங்க மச்சான்" என்றான் வேலப்பன். "'தம்பி, குடுடா'ன்னு. அந்த நிமிசமே குடுத்துப்போடறேன். முன்னால நானே ஏறி ஓட்டறேன்." அதை வந்து சொன்னதற்குப் பெரியவர், "கேக்கறதுக்கு வேற வாயிப் பாத்துக்கச் சொல்லுங்க" என்றார்.

ஆடி பிறந்ததும் ஒருதடவை போய் உள்ளதைச் சொல்லிவிட்டேன். "இனி நான் தேட இடமில்லீங்க மச்சான். அந்தச் சாமான் சுவத்துக்கு அந்தப் பக்கம் மட்டுந்தான் இருக்குது." வசவுக்குத் தயாராகத்தான் நின்றேன். அவர் தடியால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தார். அதற்குப்பின் நான் அவரைப் பார்த்தது வாய்க்கரிசி போடும்போதுதான்.

மாட்டிக் கொடு என்று வேலப்பன் ஏன் கேட்டான் என்பது எடுத்துப் புதைத்துவிட்டுத் திரும்பும் வழியில்தான் தெரிந்தது. எல்லோரையும் முன்னே போகவிட்டு என்னைப் பிடித்து நிறுத்தினான்.

"அண்ணன் கேட்டாருங்க மச்சான். முந்தின நாள் சாயங்காலம். சுவத்தோரம் வந்து நின்னு, 'தம்பி'ன்னாரு. 'அதைக் குடுடா, ஒருக்கா மிதிச்சுப் பாக்கறேன்'னாரு."

"அப்பறம் ஏன்டா குடுக்கலை?"

"நல்லாக் காதுல உழுந்துச்சுங்க. 'என்னங்கண்ணா, கேக்கலீங்களே, இன்னொருக்காச் சொல்லுங்க'ன்னேன்."

கையில் துண்டை முறுக்கிக்கொண்டே மேலே சொன்னான்.

"இத்தனை வருசம் காத்திருந்தேனுங்க. ஒருக்காக் கேட்டதுல ஆசை தீருலீங்க மச்சான். இன்னொருக்காச் சொன்னாக் குடுத்துப்போடலாமுன்னு கழட்டிக் கையில வெச்சிருந்தேனுங்க. அவரு சொல்லலை. தடிச் சத்தம் உள்ள போயிருச்சு. வெடியால மார்வலின்னு அழுகற சத்தந்தான் கேட்டுச்சு."

அடிக்கக் கை ஓங்கினேன். அடி வாங்கத் தயாராக அவன் தலை குனிந்து நின்றான். கை தானாக இறங்கிவிட்டது. அவனை இன்றைக்கும் நான் வெறுக்கிறேன். அன்று அவன் அழுதபோது கூடச் சேர்ந்து அழவும் செய்தேன். அந்த வீட்டில் பிறந்தவர்களுக்கு ஒரே புத்தி. என் மனைவியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கருமாதி முடிந்ததும் பெரிய குவியலைக் கேட்டு அக்காவிடம், பெரியவரின் மனைவியிடம், போய் நின்றேன். "அவரு கேட்டப்பக் கேக்காத காதுக்கு இப்ப வண்டி எதுக்குங்க?" என்றார்கள். சொன்னதில் தப்பில்லை. சட்டமும் சக்கரமும் அந்த வீட்டு மூலையில் இருக்கின்றன. மூட்டையை வேலப்பன் திரும்ப வாங்க மறுத்துவிட்டான். குடும்பச் சங்கதியை ஊரறிய எழுதலாமா என்று கேட்பீர்கள். எழுதிப் போடச் சொன்னவனே அவன்தான். அன்று அவனைத் தங்கமான தம்பி என்று மெச்சிய பஞ்சாயத்தார் எல்லோரும் படிக்கட்டும் என்றான்.

நல்லண்ணக் கவுண்டருடைய வசவுகள் பல எனக்கு மனப்பாடம். அவற்றை விட்டால் அவர் நினைவாக என்னிடம் இருப்பது அந்தச் சின்னக் குவியல்தான். கடையில் என் தலைக்கு மேலேயே தொங்கவிட்டிருக்கிறேன். எண்ணெய் விட்டுக்கொண்டு வருகிறேன், துரு ஏறவில்லை. அக்கா கேட்டாலும் கொடுப்பேன், வேலப்பன் கேட்டாலும் கொடுப்பேன். ஒரு தடவை கேட்டால் போதும்.