வச்சாச்சா சார்

எதிர் மேசைப் பெண்ணிடம் காலையில் வாங்கிய கத்தரிக்கோலை அவள் கண்முன்னே மேசையில் வைத்து, "குடுத்துட்டேன், பாத்துக்கோ" என்கிறார் சார். அவள் தலையாட்டினால் போதாது. வாயைத் திறந்து "வந்துடுச்சு சார்" என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் தன் நாற்காலிக்குத் திரும்புவார்.

இந்தச் சட்டம் எல்லோருக்கும் பொது. கூட்ட அறைச் சாவி, சார்ஜர், ஒற்றைப் பேனா என்று எதை எடுத்துப் போனவர் கண்ணில் பட்டாலும் முதல் கேள்வி "வச்சாச்சா?" ஐம்பத்து நான்கு வயதில் அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டையோடு நின்றுவிட்டது. அலுவலகம் முழுக்க அவர் வச்சாச்சா சார்தான். விஷயம் அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது, கோபமில்லை. வீட்டிலும் இதே பாடுதான். "கல்யாணம் ஆனப்ப இப்படி இல்ல. நடுவுல வந்த வியாதி" என்கிறார் மனைவி.

வியாதி வந்து பன்னிரண்டு வருடமாகிறது.

இவர்களுடைய நிறுவனம் அறுவை சிகிச்சை அறைகளில் ஸ்கேன் படங்களைத் திரையில் காட்டும் மென்பொருள் செய்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் கம்ப்யூட்டரின் கிராஃபிக்ஸ் கார்டு நினைவகத்தில் இடம் பிடிக்க வேண்டும். படம் மாறினால் இடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இந்தக் கொடுக்கல் வாங்கலைப் பார்த்துக்கொள்ளும் லைப்ரரி என்ற நிரல் தொகுப்பை, பழைய சி மொழியில், தனி ஆளாக எழுதியவர், தாடிக்காரர் என்று எல்லோரும் கூப்பிட்ட சக ஊழியர். அதை வைத்துப் படம் காட்டும் பகுதியை எழுதியவர் நம் சார். தாடிக்காரர் ஆறு வயது மூத்தவர், இவருக்கு அண்ணன் மாதிரி. ஒரே மேசையின் இரண்டு பக்கம் இருவரும். மதியத்தில் ஒருவர் டப்பாவில் மற்றவர் கை.

ஒரு நாள், எங்கோ ஓர் அறுவை சிகிச்சையின் நடுவில் திரை இருண்டுபோனது. வேறு திரை கொண்டுவரப் பத்து நிமிடம் ஆயிற்று. நோயாளி பிழைத்துக்கொண்டார், தாடிக்காரரின் வேலைதான் தப்பவில்லை. நிரல் செயலிழந்து நின்ற இடம் லைப்ரரிக்குள் என்பதால், தப்பும் அங்கேதான் என்று விசாரணையில் முடிவு கட்டினார்கள். திரும்பி வந்த இடத்தை அடுத்த படத்துக்கு உடனே கொடுக்காமல் சற்றுத் தாமதிக்கும்படி லைப்ரரியில் ஓர் ஒட்டுப் போட்டார்கள். திரை மறுபடி இருளவில்லை. அதற்குமேல் சாட்சி எதற்கு?

அறிக்கையின் அடியில் சாரும் கையெழுத்துப் போட்டார். அவர் மனமறிந்து பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினார். தாடிக்காரரும் வாய்ச்சண்டைக்கு வரவில்லை. "எங்கயோ விட்டிருக்கேன்டா. கண்டுபிடிச்சுச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு மேசையைக் காலி செய்துகொண்டு போனார். பிறகு எங்கேயும் நிரல் எழுதவில்லை. ஒரு பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். மூன்று வருடத்துக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார்.

அவர் போன பிறகும் லைப்ரரி ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தொட யாருக்கும் துணிச்சல் இல்லை. போன வருடம், சின்ன வயது மேலாளர் அம்மா ஒரு வழி சொன்னார். லைப்ரரியை அப்படியே விட்டுவிட்டு, மேலே பாதுகாப்பான புதிய நிரல் மொழி ஒன்றில் உறை மாதிரி இன்னொரு நிரலைப் போடுவது. பொருள் இப்போது யார் கையில் இருக்கிறது என்று அந்த மொழியின் கம்பைலர், எழுதியதை ஓடும் நிரலாக்கும் கருவி, வரிக்கு வரி கேட்கும். திருப்பிக் கொடுத்ததை மறுபடி தொட்டால் நிரலை உருவாக்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். "நம்ம சாரையே கம்ப்யூட்டருக்குள்ள போட்டுட்டாங்க" என்று அலுவலகம் சிரித்தது. வேலையும் அவர் தலையிலேயே விழுந்தது.

பழைய லைப்ரரியோடு பேசும் இடங்களில் மட்டும் கம்பைலரின் கண் எட்டாது. அந்த வரிகளை வேலி போட்டு ஒதுக்கி, இங்கே ஏன் ஆபத்து வராது என்று மேலே ஒரு குறிப்பு எழுதுவது அந்த மொழிக்காரர்களின் வழக்கம். மற்றவர்கள் அரை வரியில் ஒப்பேற்றுவார்கள். சார் கடிதம் போல எழுதினார். அறுபத்தொரு வேலி, அறுபத்தொரு கடிதம். ஒவ்வொன்றுக்கும் தாடிக்காரரின் வரிகளைத் துருவிப் பார்த்தார். அன்று அவர் விட்ட இடத்தை இன்றாவது பிடித்துவிட வேண்டும் என்று. ஐந்து மாதம் போயிற்று. "மனுஷன் ஒரு இடத்துல கூட விடலையே" என்று எதிர் மேசைப் பெண்ணிடம் சொன்னார். அதில் பெருமை இருந்தது. அப்படியானால் தப்பு எங்கே என்ற கேள்வியும் இருந்தது.

உறை முடிந்ததும் தன்னுடைய பழைய நிரலை, படம் காட்டும் அந்தப் பகுதியை, புதிய மொழிக்கு மாற்றினார். கம்பைலர் ஒரு வரியில் நின்றுவிட்டது. இந்தப் படத்தின் இடத்தை நீ முன்பே திருப்பிக் கொடுத்தாயிற்று, இன்னும் அதைத் தொடுகிறாய் என்றது. உறையில்தான் ஏதோ பிசகு என்று மூன்று நாள் அதையே பிரித்துப் பிரித்துப் போட்டார். நான்காம் நாள் உறையை விட்டுவிட்டுத் தன் வரியைப் படித்தார். டாக்டர் படத்தைப் பெரிதாக்கும் அதே நொடியில் புதிய படம் வந்தால், பழைய இடத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகும் அதன் விலாசத்தைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே எழுதிக்கொண்டிருந்தது அவருடைய நிரல். அந்த இடத்துக்கு வேறு படம் குடிவந்திருக்கும். குழப்பம் லைப்ரரிக்குள் போய் வெடித்திருக்கிறது. அன்று போட்ட ஒட்டு இந்தத் தப்பைத்தான் பன்னிரண்டு வருடமாக மூடி வைத்திருந்தது.

மேலாளரிடம் போய்ச் சொன்னார். பழைய அறிக்கையைத் திருத்த வேண்டும், தன் பெயரைப் போட வேண்டும் என்றார். அந்த அம்மா நல்ல மனுஷி. இப்போதாவது பிடித்தோமே என்று சந்தோஷப்பட்டு, "அதெல்லாம் பழைய கதை சார், விட்டுடுங்க" என்றார். அன்று முழுக்க நம் சார் யாரிடமும் வச்சாச்சா என்று கேட்கவில்லை. எதிர் மேசைப் பெண் கத்தரிக்கோலைத் தானே காட்டியும் அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தாடிக்காரரின் வீட்டுக்குப் போனார். சாவுக்குப் போனதோடு சரி, அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. தாடிக்காரரின் மனைவி கதவைத் திறந்து, "வாங்க தம்பி" என்று கூப்பிட்டு, சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். சார் டம்ளரைத் தொடாமலே எல்லாவற்றையும் சொன்னார். பாதி அந்த அம்மாவுக்குப் புரிந்திருக்காது. கடைசியில் சொன்னது புரிந்தது.

"தப்பு என்னுது அண்ணி. அண்ணன் மேல ஒண்ணுமே இல்ல."

திட்டுவார் என்று எதிர்பார்த்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது. அந்த அம்மா எழுந்து உள்ளே போய், நாடா கட்டிய காகிதக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். லைப்ரரியின் அச்சுப்பிரதி, நூற்று நாற்பது பக்கம். ஓரமெல்லாம் பென்சில் கோடு, கேள்விக்குறி, அழித்துவிட்டு மறுபடி போட்ட கேள்விக்குறி.

"ஞாயித்துக்கிழமையானா இதை எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்துடுவார். ஒன்பது வருஷம். உங்ககிட்ட கண்டுபிடிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருந்தாராமே" என்றார். பிறகு கட்டை அவர் பக்கம் நகர்த்தி, "இதுல எந்த வரின்னு காட்டுங்க" என்றார்.

அவர் கட்டைப் பிரிக்காமலே சொன்னார். "இதுல இல்ல அண்ணி. இதுல எங்கயுமே இல்ல."

அந்த அம்மா நாடாவை அவிழ்த்து முதல் பக்கத்தை எடுத்து வைத்தார். அப்புறம் ஒரு பேனாவைத் தேடி எடுத்துவந்து நீட்டினார். "அப்ப அதை எழுதிக் குடுங்க. அவர் கோடு போட்டிருக்காரே, அதுக்குப் பக்கத்துலயே எழுதுங்க."

முதல் பக்கத்தின் கேள்விக்குறிக்குக் கீழே, 'இங்கே தப்பு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போதும் என்று அந்த அம்மா பேனாவுக்குக் கை நீட்டினார். அவர் கொடுக்கவில்லை. பக்கத்தைப் புரட்டி, இரண்டாவதிலும் எழுத ஆரம்பித்தார்.